ஒரு குசினி, இரண்டு சமையல்காரர்

இந்த வருடம் தை மாதம் டாவோஸில் சித்தி வீட்டில் நின்றேன். உலகப் பொருளாதார மன்றம் நடக்கிற கிழமை. புரொமனாட் வீதியில் வழக்கமான கடைகளைக் காணவில்லை. அவற்றின் கண்ணாடியெல்லாம் பெரிய கொம்பனிகளின் பெயர்கள். இரவுச் சாப்பாட்டில் சித்தியின் மகன் கேட்டான்:

"அண்ணா, இன்டெல் திரும்பவும் ஹைப்பர்-த்ரெடிங் கொண்டுவரப் போகுதாமே. அதுவரைக்கும் பொறுக்கவோ, இப்பவே கொம்பியூட்டர் வாங்கவோ?"

அவனுக்குப் பதினேழு வயது. கையிலிருப்பது, ஸ்கி வாடகைக் கடையில் லீவு நாட்களில் வேலை செய்து சேர்த்த காசு. வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்ப மனம் வரவில்லை.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். புரொசசரின் ஒரு கோர் நாங்கள் நினைக்கிற அளவுக்கு ஓயாமல் வேலை செய்வதில்லை. தேவையான தரவு மெமரியிலிருந்து வர ஏறக்குறைய 100 நானோசெக்கன் ஆகும். 4 கிகாஹேர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 400 சுற்று. அவ்வளவு நேரமும் அது வெறுமனே காத்திருக்கலாம். அந்த இடைவெளியில் இன்னொரு வேலையையும் அதே கோருக்குள் விட்டால் என்ன? இதுதான் எஸ்.எம்.டி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டல்சன், எகர்ஸ், லீவி ஆகியோர் 1995இல் இதை விரிவாக எழுதினார்கள். இன்டெல் 2002இல் ஹைப்பர்-த்ரெடிங் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிப்பின் அளவு கூடியது 5 வீதத்துக்கும் குறைவு. சில சர்வர் வேலைகளில் கிடைத்த வேகம் 30 வீதம் வரை என்று அப்போது சொன்னார்கள்.

சித்தப்பா ஒரு ஹொட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அங்கேயே சமைக்கிறார். எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "என்ர இறைச்சி அவணுக்குள்ள கிடக்கேக்க மற்றவன் என்ர அடுப்பைப் பாவிக்கலாம். ஆனா இரண்டு பேர் நிண்டா இரண்டு மடங்கு சாப்பாடு வராது. குசினி ஒண்டுதானே!"

இதைவிட வடிவாக என் பேராசிரியர்களும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. நான் அதைப் படித்த விதம் வேறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஹொட்டல் நிறுவனத்துக்கு, அறை விலைகளை இரவில் கணக்கிடும் புரோகிராமை கிளவுட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். சோதித்தது 16 கோர் உள்ள இயந்திரத்தில். வாடகைக்கு எடுத்தது 16 வி-சிபியு. இரண்டும் ஒன்று என்று நினைத்தேன். அங்கே ஒரு வி-சிபியு என்பது ஒரு த்ரெட். அதாவது எனக்குக் கிடைத்தவை 8 கோர்கள்தான். அந்தப் புரோகிராமோ இடைவிடாமல் கணக்குப் போடுவது. காலியாக ஒரு அடுப்பும் இல்லை. காலை 6 மணிக்கு முடிய வேண்டியது முடியவில்லை. வரவேற்பு மேசையில் நின்ற பெண் பழைய விலைக்கு அறை கொடுத்து, எனக்காக ஏச்சு வாங்கினாள். பிழை முழுக்க என்னுடையது. என்னிடம் மாஸ்டர்ஸ் பட்டம் இருந்தது. எண்ணுக்குப் பின்னால் என்ன எண்ணப்பட்டிருக்கிறது என்று கேட்கும் பழக்கம் இருக்கவில்லை.

"அதுசரி, நல்லதெண்டா ஏன் இன்டெல் எடுத்தவங்கள்?" என்றான் தம்பி.

2024இல் வந்த லூனார் லேக், ஆரோ லேக் சிப்களில் அது இல்லை. அவற்றில் பெரிய கோர்களோடு மின்சாரம் குறைவாகக் குடிக்கும் சின்னக் கோர்களும் உண்டு. இரண்டாவது வேலையைப் பெரிய அடுப்பில் நெருக்குவதைவிடச் சின்ன அடுப்பில் வைப்பது லாபம் என்று கணக்குப் பார்த்தார்கள்.

பாதுகாப்பும் ஒரு பிரச்சினை. சித்தப்பா சொல்வதுபோல், "பக்கத்தில நிக்கிறவன் எந்த அடுப்பைப் பிடிச்சிருக்கிறான் எண்டு பார்த்தாலே அவனுக்கு என்ன ஓடர் வந்திருக்கு எண்டு தெரிஞ்சிடும்." 2018இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், ஒரே கோரைப் பகிரும் இன்னொரு த்ரெட்டின் ரகசியச் சாவியை இப்படித்தான் ஊகித்துக் காட்டினார்கள். அதே வருடம் ஓப்பன்-பிஎஸ்டி இந்த வசதியை அணைத்து வைக்க முடிவெடுத்தது.

ஆனால் சர்வர் சந்தையில் கணக்கு வேறு. அங்கே ஏஎம்டி 192 கோருக்கு 384 த்ரெட் விற்கிறது. அதனால்தான் இன்டெல் தலைவர் லிப்-பூ டான் 2025 ஜூலையில், எஸ்.எம்.டியைக் கைவிட்டது போட்டியில் தங்களைப் பின்தள்ளியது என்று ஒப்புக்கொண்டார். 2026 ஜனவரியில், கோரல் ராப்பிட்ஸ் என்ற சர்வர் சிப்பில் அது திரும்பி வரும் என்றார்.

எல்லோரும் அந்த வழியில் போகவும் இல்லை. எங்கள் நாட்டு வானிலையைக் கணிக்கும் லுகானோவின் ஆல்ப்ஸ் சூப்பர்கொம்பியூட்டரில் உள்ள கிரேஸ் புரொசசருக்கு 72 கோர். ஒவ்வொரு கோருக்கும் ஒரு த்ரெட்தான்.

"அப்ப எனக்கு?"

"நிச்சயமாச் சொன்னது சர்வருக்கு மட்டும். வீட்டுக் கொம்பியூட்டருக்கு வருமெண்டுறது இப்போதைக்கு ஊகம். ஊகத்துக்காகக் காசைப் பூட்டி வைக்காத. எஸ்.எம்.டி உள்ள ஏஎம்டி சிப் இப்பவே கடையில இருக்கு. வாங்கி, பயோஸுக்குள்ள போய் அதை ஒருக்கா அணைச்சும் ஒருக்கா போட்டும் நீயே அளந்து பார்."

இதை வாசிக்கிற உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பெட்டியில் அச்சடித்த எண்ணையும் நம்பாதீர்கள், என்னையும் நம்பாதீர்கள். உங்கள் வேலை எது, அது எங்கே காத்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

மூன்று கிழமை கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை வந்தது. வீடியோவை ஏற்றுமதி செய்யும் வேலையில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்ததாம். அவன் விளையாடும் கேமில் ஒன்றுமே இல்லையாம். அட்டவணைக்குக் கீழே ஒரு வரி:

"அப்பா சொன்னது சரி. இரண்டு மடங்கு எதிலயும் வரேல்ல."