வந்தாரா, வந்தாராமா?

எங்க லண்டன் வீட்டுல மாடி ரூம்ல ஒரு பல்கேரியாக்காரர் இருக்கார். ஐம்பது வயசுக்கு மேல, கட்டட வேலை. பிரிட்டன்ல பல்கேரியாக்காரங்களுக்கு இருந்த வேலைக் கட்டுப்பாடு நீங்கினது 2014 ஜனவரியில. அந்த வருஷமே வந்தவர். கூட வேலை பார்க்கறவங்க எல்லாம் அவர் ஊர்க்காரங்க, அதனால இங்கிலீஷ் இன்னும் "குட் மார்னிங்"கைத் தாண்டலை.

போன வருஷம் அவரோட கம்பெனி ரெண்டு மாச சம்பளத்தைப் பிடிச்சு வச்சிடுச்சு. வக்கீலைப் பார்க்கப் போனப்ப துணைக்கு நானும் போனேன். துபாஷியா வந்தது அவரோட சைட் நண்பர்.

"ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டீங்களா?"ன்னு வக்கீலம்மா கேட்டாங்க. இவர் தலையை இடம் வலமா ஆட்டினார். அவங்க "இல்லை"ன்னு எழுதிட்டாங்க. பல்கேரியாவுல அப்படி ஆட்டினா "ஆமாம்". மேலும் கீழும் ஆட்டினாத்தான் "இல்லை". பாத்ரூம் காலியான்னு கேட்டு நானே பல தடவை பல்பு வாங்கியிருக்கேன் :-)

அங்கேயே சொல்லித் திருத்திட்டேன். ஆனா வயித்தைக் கலக்குச்சு. தலையாட்டினதே இப்படின்னா, வாயால சொன்னது எப்படிப் போயிருக்கும்?

சரியான ஆளைத் தேட ஆரம்பிச்சேன். பிரிட்டன்ல யார் வேணும்னாலும் தன்னை இன்டர்ப்ரெட்டர்னு சொல்லிக்கலாம், சட்டம் தடுக்காதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நல்லவேளையா 1994-ல ஆரம்பிச்ச தேசியப் பதிவேடு ஒண்ணு இருக்கு. மொழியைக் கொடுத்தா, தகுதி சரிபார்த்த ஆட்களோட பேர் வரும். சட்டத்தைத் தனிப் பிரிவா எடுத்து எழுதற டிப்ளமாவும் உண்டு. தீர்ப்பாய விசாரணைக்குன்னா, முன்கூட்டியே கேட்டா அவங்களே ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க. நம்ம வக்கீல்கிட்ட நாம பேசறதுக்கு நம்ம பாக்கெட்தான். சம்பளம் வராத மனுஷன், கடன் வாங்கினார்.

கிடைச்ச அம்மா மொதல்ல ரெண்டு தரப்போட பேரையும் கேட்டாங்க. யாரையாவது ஏற்கனவே தெரிஞ்சிருந்தா வர மாட்டாங்களாம். வந்ததும், வக்கீல் தயார் பண்ணின வாக்குமூலத்தை வரி வரியா பல்கேரிய மொழியில படிச்சுக் காட்டினாங்க. "வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தார், சம்பளம் கிடையாதுன்னு சொன்னார்"ங்கற வரியில இவர் பதறிட்டார்.

"தொய்தே" இல்லை, "தொஷல்"!

அந்தம்மா வக்கீலுக்கு விளக்கினாங்க. "தொய்தே"ன்னா வந்தார், நான் பார்த்தேன். "தொஷல்"னா அடுத்தவங்க சொல்லிக் கேள்விப்பட்டது. இங்கிலீஷ் வினைச்சொல்லுல இந்த வித்தியாசம் கிடையாது. நண்பர் ரெண்டுக்கும் ஒரே "கேம்" போட்டுட்டார். வக்கீலுக்குப் புரிய அஞ்சு நிமிஷம் ஆச்சு. எனக்கு ஒரு செகண்ட். வந்தார், வந்தாராம். அவ்ளோதானே!

விஷயம் என்னன்னா, அந்த வெள்ளிக்கிழமை இவர் லீவு. கம்பெனி வருகைப் பதிவேட்டை எடுத்து நீட்டியிருந்தா, பார்க்காததைப் பார்த்தேன்னு சொன்ன பொய்யர் ஆகியிருப்பார். அவர் வாய் சரியாத்தான் சொல்லுச்சு. ஒரு "ஆம்" நடுவழியில விழுந்துடுச்சு.

வரியை மாத்தினாங்க, கையெழுத்து போட்டார். கேஸ் இன்னும் முடியலை. அன்னைக்கு பஸ்ல திரும்பும்போது, "கடன் வாங்கிக் கொடுத்த காசுக்குப் பிரயோஜனம் உண்டா?"ன்னு போன்ல மொழிபெயர்த்துக் காட்டினேன்.

தலையை இடம் வலமா ஆட்டினார்.