ஓர் எண் ஒருவர்க்கே

செம்பட்டி நாற்சாலை கூடுமிடம் என்பதை அன்பர் பலரும் அறிவர். மாணவராயிருந்த காலத்து ஒரு கோடை விடுமுறையில், அவ்வூர்க் காய்கறிக் கமிஷன் மண்டியொன்றில் யாம் சீட்டு எழுதும் வேலை பார்த்தோம்.

மண்டியில் மேஜைகள் இரண்டு. ஒன்றில் யாமும் மற்றதில் எம் தோழரும் அமர்ந்திருப்போம். கடைசிச் சீட்டின் எண் சுவர்ப்பலகையில் இருக்கும். அதைப் பார்த்து, ஒன்று கூட்டிச் சீட்டில் எழுதி, பின்னர்ப் பலகையைத் திருத்துவது முறை. ஒரு நாள் கூட்டம் மிகுந்தது. பலகையில் 46 இருந்தது. யாம் 47 என்று எழுதினோம். அக்கணமே தோழரும் 47 என்றே எழுதினார்.

மாலையில் ஒருவர் 47-க்குரிய பணத்தைப் பெற்றுச் சென்றார். பின்னர் ஒரு மூதாட்டி வந்து சீட்டை நீட்டினார். "அது கொடுத்தாயிற்று, ஆத்தா" என்றனர். அவர் வாதாடவில்லை, சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்றார். சீட்டிலிருந்தது எம் கையெழுத்து. ஓடிச்சென்று அழைத்து வந்தோம்; பணம் கிடைத்தது. ஆயினும் அவர் முகம் எம்மைவிட்டு நீங்கவில்லை.

மறுநாள் கணக்குப்பிள்ளை பலகையைக் கழற்றிவிட்டு ஒரே நோட்டை வைத்தார். நோட்டு எவர் கையிலோ அவரே எண் எடுக்கலாம். எழுதி முடித்த பின்னரே மற்றவர்க்குத் தரலாம்.

பின்னாளில் கணிப்பொறித் தரவுத்தளங்களைக் கற்றபோது அந்நோட்டையே மீண்டும் கண்டோம். எண் வைத்திருக்கும் வரியை முதலிற் பூட்ட வேண்டும். பின்னரே படித்து, ஒன்று கூட்டி, புதிய பதிவையும் அதே பரிவர்த்தனையில் எழுதி உறுதிசெய்ய வேண்டும். அப்பொழுதே பூட்டுத் திறக்கும். காத்திருந்தவர் படிப்பது புதிய எண்ணையே. இடையில் மின்சாரம் நின்றால் யாவும் பழைய நிலைக்கு மீளும், எண்ணும் வீணாகாது. படித்தபின் பூட்டுவதாற் பயனில்லை. எம் பிழை அதுவே. எண் இடையிடையே விடுபடலாமெனில் தரவுத்தளம் தானே தரும் தொடரெண் போதும்; ரசீதுபோல் விடுபடலாகாதெனில் பூட்டே வழி. பூட்டு நீடித்தால் வரிசையும் நீளும். ஆதலின் பூட்டியபின் வேறு வேலை கூடாது. ஒரே எண் இருமுறை ஏறாதபடி தனித்துவ விதியையும் காவல் வைத்தல் நலம்.

1970-களில் இம்முறைகளை வகுத்தோருள் தலையாயவர் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் ஜிம் கிரே. 1998-இல் டூரிங் விருது பெற்றார். ஒரே ரயிற்படுக்கையை இருவர் ஒரே கணத்தில் நாடும்போதும் காக்கவேண்டுவது இந்நெறியையே.

எண் சிறிய பொருளே. ஆயின் அதன் பின்னே ஒருவரின் ஒரு நாள் உழைப்பு நிற்கின்றது. கணநேரம் காத்திருத்தல் அதற்கு யாம் செலுத்தும் மரியாதையாகும்.