பார்த்த பிறகே கையெழுத்து

2025 ஜூலை 7, திங்கள்

பெரும்பாக்கம் அருகே அடுக்குமாடிக் குடியிருப்பு சைட். கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னியாக இன்று சேர்ந்தேன். ஹெல்மெட், சேஃப்டி ஷூ, ஒரு கட்டு டிராயிங் கொடுத்தார்கள். "இந்த வாரம் எதிலும் கையெழுத்துப் போடாதே, எல்லாத்தையும் பாரு" என்றார் மேனேஜர். இரண்டாம் தளத்தில் டிராயிங்கை விரித்துக்கொண்டு தூண் தூணாகப் போய் நின்றேன். தாளில் புள்ளியாக இருந்தவை எதிரே 20 மி.மீ. கம்பிகளாக நிற்கின்றன. எண்ணிக்கை சரிதானா என்று எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

கம்பி மேஸ்திரி விழுப்புரத்துக்காரர். தூணின் ரிங்கில் கொக்கியை ஏன் உள்பக்கமாக மடக்குகிறீர்கள் என்று கேட்டேன். "வெளிய விட்டா ஆட்டத்துல பிரிஞ்சிடும் சார். உள்ள மடக்கினா கான்கிரீட்டே புடிச்சுக்கும்" என்றார். ஐ.எஸ். 13920 கேட்கும் 135 டிகிரி கொக்கிக்குக் காரணமும் இதுதான்: நிலநடுக்கத்தில் வெளிக்கான்கிரீட் உதிர்ந்தாலும் ரிங் பிரியக் கூடாது. சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது. எனக்கு விதி தெரியும். எந்த மூலையில் கொக்கி சரியாக உட்காராது என்பது அவருக்குத் தெரியும். தினமும் அரை மணி நேரமாவது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஜூலை 12, சனி

மூன்றாம் தள ஸ்லாப் திங்களன்று. சீனியரோடு கம்பியைச் சோதித்தேன். ஸ்லாபுக்கு 20 மி.மீ. கவர் பிளாக். கம்பி மேல் ஆள் நடந்ததில் இரண்டு இடத்தில் பிளாக் நகர்ந்து, கம்பி பலகையைத் தொட்டுக் கிடந்தது. அப்படியே கான்கிரீட் விழுந்தால் சில வருடங்களில் துரு ஏறி, சீலிங் பெயர்ந்து விழும். கீழே இருப்பவர்களுக்குக் காரணம்கூடத் தெரியாது. மேஸ்திரியிடம் சொன்னேன், உடனே ஆள் விட்டுச் சரிசெய்தார். சேர், லேப், எலெக்ட்ரிக்கல் பைப் எல்லாம் பார்த்து முடித்தபோது இருட்டிவிட்டது.

ஜூலை 14, திங்கள்

வெயிலுக்கு முன் முடிக்க அதிகாலையிலேயே தொடங்கினோம். எம்25, 45 கன மீட்டர். ஒரு வண்டியில் ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்க அளவு) 80 மி.மீ.தான் வந்தது, கேட்டது 120. தண்ணீர் விடச் சொல்லிப் பம்ப் ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். குவாலிட்டி இன்ஜினியர் சம்மதிக்கவில்லை. பிளான்ட் ஆளை வரவழைத்து அளவாக அட்மிக்சர் சேர்த்துச் சுற்றவிட்டு, மறுபடி ஸ்லம்ப் பார்த்த பிறகே இறக்கவிட்டார். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் ஏறினால் வலிமை இறங்கும் என்று டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். படிப்பில் அது ஒரு வளைகோடு. இங்கே அதைக் காப்பாற்ற, நெருக்கும் ஆட்கள் நடுவே ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

45 கன மீட்டருக்கு ஐ.எஸ். 456-ன்படி நான்கு மாதிரி. 150 மி.மீ. கியூப் அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்து. ஒரு மாதிரிக்கு நானே குத்தினேன். கான்கிரீட் போட அனுமதிக்கும் சரிபார்ப்புத் தாளான போர் கார்டில் (pour card) கம்பி, கவர் இரண்டுக்கும் எதிரே என் கையெழுத்து. இரண்டையும் கண்ணால் பார்த்திருந்தேன்.

ஜூலை 21, திங்கள்

ஏழாம் நாள் கியூப் சோதனை. மெஷின் முள் 495 கிலோநியூட்டனில் நின்றது. 22,500 சதுர மி.மீ.ஆல் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 22 நியூட்டன். நல்ல அறிகுறி. போட்டது பி.பி.சி. சிமெண்ட், அதனால் கியூரிங் குறைந்தது பத்து நாள். மாடியில் பாத்தி கட்டிய தண்ணீர் எங்கும் வற்றவில்லை என்று மாலையில் சுற்றிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இருபத்தெட்டாம் நாள். நான் குத்திய மாதிரியின் முதல் கியூப் 720 கிலோநியூட்டனில் உடைந்தது: சதுர மி.மீ.க்கு 32 நியூட்டன். மற்ற இரண்டும் அதை ஒட்டியே வந்தன. சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் எதுவும் விலகவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லப்போவது இது: சாஃப்ட்வேர் கற்பது மெதுவாக நடக்கட்டும். முதல் மாதம் மேஸ்திரியிடம் காரணம் கேளுங்கள், அன்றன்று எழுதி வையுங்கள், பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்லாபுக்குள் போன கம்பியை இனி யாரும் பார்க்க முடியாது. இங்கே குடிவரப் போகிறவர்கள் நம்பி வாழப்போவது நம் கையெழுத்தைத்தான்.