ஒன்றரை அடி உயரம்

வாயில் அமைப்பது வருவாரை வரவேற்றற்பொருட்டு. எனினும், வாயிலே மதிலாகி நின்று வருவாரைத் தடுப்பதும் உண்டு. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றோமல்லோம். எம் பிழையாற் கற்றோம். அதனை மறையாது உரைப்பின், நாளை வீடும் கடையும் கட்டவிருக்கும் மாணவ நண்பர்க்குப் பயன்படுமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

எம்மூர் மடுகரை. அது புதுச்சேரியைச் சார்ந்த நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ளது. எம் பாட்டனார் அங்குக் கட்டிய வீட்டின் முன்னே இரண்டு திண்ணைகள் இருந்தன. வெயிலுக்கு ஒதுங்குவோரும், பேருந்துக்குக் காத்திருப்போரும் எவரையும் கேளாது அவற்றில் அமர்வர். சில ஆண்டுகளுக்கு முன்னர், வீட்டின் முன்கட்டை மருந்துக்கடைக்கு வாடகைக்கு விட விரும்பினோம். திண்ணைகளை இடித்தோம், மழைநீர் உட்புகாதிருக்கத் தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம், பளபளக்கும் கற்களைப் பதித்து, மூன்று படிகளும் அமைத்தோம். கொத்தனார் எம்மை நோக்கி, “ஒரு பக்கம் சாய்வாகப் போட்டுவிடலாமா?” என்று வினவினார். “இடம் வீணாகும், வேண்டா” என்றோம். அச்சொல்லைச் சொல்ல எமக்கு ஒரு நொடியும் ஆகவில்லை.

கடை திறந்து சில மாதங்கள் சென்றன. எமக்கு இளமையில் எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர், பக்கவாதத்தால் கால் விழுந்து, சக்கர நாற்காலியில் பேத்தியுடன் வந்தார். படியின்கீழ் நாற்காலி நின்றது. மருந்துச்சீட்டை வாங்கிச்சென்ற பையன் உள்ளிருந்தவாறே, “சிறுநீர் அடங்காததற்கு எழுதிய மாத்திரை எத்தனை நாளைக்கு வேண்டும், ஐயா?” என்று உரத்த குரலில் கேட்டான். அவன்மேற் குற்றமில்லை, தெருவில் இருப்பவர்க்குக் கேட்கவேண்டுமாயின் உரத்துத்தானே கூறவேண்டும்! எதிரே தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். ஆசிரியர் தலைகுனிந்து, விரல்களால் எண்ணிக்கை காட்டினார். பின்னர் எம்மைக் கண்டு, “தம்பி, கடை அழகாய் இருக்கிறது என்கிறார்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்” என்று நகைத்தார். அந்நகைப்பு எம் நெஞ்சை அறுத்தது.

அன்றிரவு உறக்கம் கொள்ளாமல், இது குறித்துச் சட்டம் யாது கூறுகின்றது என்று தேடிப் படித்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாயினும், வாணிகம் நடைபெறுவதாயினும், அதனையும் பொதுக்கட்டடம் என்றே அச்சட்டம் வகுக்கின்றது. ‘எம் சொந்த வீடு’ என்று யாம் எண்ணியிருந்த முன்கட்டு, மருந்துக்கடையான அன்றே பொதுவாயில் ஆகிவிட்டது! பார்வைக் குறையுடைய ராஜீவ் ரதூரி என்பார் 2005-ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் நாள் தீர்ப்பளித்தது. இவ்வளவுகள் வெறும் பரிந்துரைகளாக நிற்றல் சட்டத்தின் கருத்துக்கு முரணென்றும், கட்டாயமாகக் கைக்கொள்ளத்தக்க விதிகளை அரசு வகுத்தல் வேண்டுமென்றும் அது பணித்தது. அமெரிக்க நாட்டிலோ 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதிகள், பழைய கடையைப் புதுக்கும் காலத்தையே உரிய காலமாகக் கொள்கின்றன. புதுக்கிய பகுதிக்குச் செல்லும் வழியைச் செம்மை செய்தற்கு, அப்பணியின் செலவில் நூற்றுக்கு 20 பங்கு வரையிற் செலவிடுதல் தகுமென்று வரையறுக்கின்றன.

இதிலுள்ள நுட்பம் பின்னரே எமக்கு விளங்கிற்று. சாய்தளத்துக்குரிய அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அஃதாவது, ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடியாகும். எம் கடைமுன் இருந்ததோ நான்கடி இடம். அதற்குள் சாய்தளம் அமைப்பின் ஏறுவார் பின்னோக்கி உருள்வர். நீட்டி அமைப்பின் தெருவை மறிக்கும். தரையை உயர்த்தும்போதே எண்ணியிருந்தால் அரையடியோடு நிறுத்தி, நீர் வடிய வாய்க்காலைச் செம்மை செய்திருக்கலாம். ஆறடிச் சாய்வு போதியதாயிருந்திருக்கும். முன்னர்ச் சிறு செலவில் முடிந்திருக்கவேண்டியது பின்னர்ப் பெருஞ்செலவாயிற்று.

ஆயினும் செய்தோம். வீட்டின் பக்கத்தே எமக்குரிய ஒடுங்கிய நிலத்தில், சுவரை ஒட்டி நான்கடி அகலத்தில் பதினெட்டு அடிச் சாய்தளம் எழுப்பி, இருபுறமும் கைப்பிடிக் கம்பி நாட்டினோம். பக்கச்சுவரை உடைத்து மூன்றடி அகலக் கதவு வைத்தோம். வழுக்கும் கற்களைப் பெயர்த்துச் சொரசொரப்பான கற்களைப் பதித்தோம். அமர்ந்தவாறே பேசுதற்கேற்ப விற்பனை மேசையில் ஒரு பகுதியை இரண்டரை அடிக்குத் தாழ்த்தினோம். கொத்தனார் அவரேதாம், பழைய சொல்லை அவர் நினைவூட்டவில்லை. அப்பெருந்தன்மைக்கு யாம் கடமைப்பட்டுள்ளோம்.

இப்போது அவ்வழியே மூட்டுவலியுற்ற முதியோர் ஏறுகின்றனர். கைக்குழந்தையோடு தாய்மார் ஏறுகின்றனர். மருந்துப்பெட்டி கொணர்வோரும் வண்டியை அவ்வழியே உருட்டுகின்றனர். மூன்று படிகளும் முன்போலவே உள்ளன. அவற்றை நாடுவோர்தாம் குறைந்தனர்.

புதுவை நகரிலும் பழைய இல்லங்கள் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவருகின்றன. வைசியாள் வீதியின் திண்ணைகளையும் தூண்களையும் பேணியமைக்கு 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது. தூணைக் காக்க இத்துணை அறிவு செலுத்தும் நம்மவர்க்கு, ஒரு மனிதர் உட்புக வழி காண்டல் அரிதாகுமோ?

சாய்தளம் முடிந்த மறுவாரம் ஆசிரியர் வந்தார். பேத்தி தள்ள, நாற்காலி மெல்ல ஏறி உள்ளே சென்றது. தாழ்ந்த மேசையருகே சென்று, கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கூறினார். வாயிலில் நின்ற எமக்கு அது கேட்கவில்லை. கேளாமையால் யாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. நண்பர்காள்! நீவிர் ஒரு நாள் பழைய கட்டடம் ஒன்றைக் கடையாக்கப் புகுவீராயின், தரையை உயர்த்துமுன் கொத்தனார் கேட்கும் வினாவுக்குச் சற்றே நின்று விடை கூறுமின்.