வந்த வழியே திரும்பி

ஒருவன் நிலை தவறிப் பேசினால், ‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்கிறோம். வேடிக்கையாகச் சொல்லப்படும் இச்சொல்லில் நம் மக்கள் கண்டறிந்த உண்மை ஒன்று பொதிந்து கிடக்கிறது. ஒரு பொருளை இன்னொரு பொருளோடு சேர்த்து நிறுத்துவது மரை. அது கழன்றால் எதுவும் தன் இடத்தில் நில்லாது. மரை வெட்டியே வயிறு வளர்த்த நமக்கு இச்சொல்லைக் கேட்கும்போது சிரிப்பு வருவதில்லை. ஒரு துப்பாக்கிக் குழல் நினைவுக்கு வருகிறது.

அது 1974-ஆம் ஆண்டு. நமக்கு வயது இருபது. தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் வேலை கற்றுத் தேறி, படைக்கலம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்திருந்தோம். அதன் பெயர் இங்கு வேண்டாம். தவறு நம்முடையது, தொழிற்சாலையினுடையதன்று. பெரும் எண்ணிக்கையில் செய்யப்படும் குழல்களுக்கு அங்கே தனி இயந்திரங்கள் இருந்தன. சோதனைக்கென எடுத்த சில குழல்களுக்கு அடிப்புறத்தில் மரை வெட்டித் தரும் வேலை நம் பிரிவைச் சேர்ந்தது. அந்த மரையால்தான் குழல் துப்பாக்கியின் உடலோடு பொருத்தப்படுகிறது. தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலின் உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழுகிறது. வீரனின் கன்னம் அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. குழலும் உடலும் பிரியாமல் இறுகப் பிடித்திருப்பது அந்தச் சில சுற்று மரைகளே.

நமக்குக் கிடைத்த லேத் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அங்குலக் கணக்கில் பிறந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறிவிட்டது. ஆயினும் பழைய இயந்திரங்கள் அங்குலத்தை மறக்கவில்லை, மனிதரும் மறக்கவில்லை. இன்றும் தச்சர் ‘நூல்’ என்று எட்டில் ஒரு பங்கு அங்குலத்தைச் சொல்கிறார். குழாய் வாங்கப் போனால் ‘அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

மரை வெட்டுதல் என்பது இரண்டு ஓட்டங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வேலை. குழல் ஒரு முறை சுழல்வதற்குள் வெட்டும் உளி குறித்த தூரம் மட்டுமே நகர வேண்டும். உளியைத் தாங்கிய வண்டியை நகர்த்துவது லீட் ஸ்குரூ என்னும் நீண்ட திருகு. நம் லேத்தில் அதற்கு அங்குலத்துக்கு நான்கு மரை. வெட்ட வேண்டியதோ ஒன்றரை மில்லிமீட்டர் மரை. அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் எப்படிச் சேர்த்து வைப்பது?

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். பத்தால் பெருக்கினால் 254. அதில் பாதி 127. அந்த 127 வேறு எந்த எண்ணாலும் வகுபடாத பகா எண். ஆகவே அத்தனை பற்கள் கொண்ட பெரிய பல்சக்கரம் ஒன்று இருந்தால்தான் இரண்டு அளவைகளும் பிசகின்றி ஒத்துப்போகும். ஓட்டும் சக்கரத்துக்கு 30 பல், ஓடும் சக்கரத்துக்கு 127 பல் என்று பூட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் மரை மயிரிழை தவறாமல் விழும். பெரிய சக்கரம் இல்லாத பட்டறைகளில் 63 பல் சக்கரத்தைக் கொண்டு சமாளிப்பார்கள். எட்டாயிரத்தில் ஒரு பங்கு பிழை வரும். குட்டை மரையில் அது கண்ணுக்கும் தெரியாது, அளவிக்கும் தெரியாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடவிட்டால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு விலகி நிற்கும்.

நமக்கு வேலை சொல்லித் தந்தவர் ஒரு மூத்த கடைசலர். பெரியவர் என்றே எல்லாரும் அழைப்போம். பேச்சில் சிக்கனமானவர். முதல் நாளே அவர் சொன்னது ஒன்றுதான். “தம்பி, மில்லிமீட்டர் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டைத் திறக்காதே. முடிகிற வரையில் திறக்காதே.”

வண்டியை லீட் ஸ்குரூவோடு கவ்வ வைப்பது ஹாஃப் நட். அங்குல மரை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அதைத் திறந்து, வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளி, முகப்பு வட்டில் உரிய கோடு வரும்போது மறுபடி கவ்வவிடலாம். உளி பழைய பள்ளத்திலேயே இறங்கும். மில்லிமீட்டர் மரைக்கு அந்தக் கோடுகள் உதவா. உளியைச் சற்று வெளியே இழுத்து, இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, வந்த வழியே திரும்பி வந்து, மீண்டும் வெட்ட வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் மரைக்கு ஆழம் ஏறக்குறைய 0.92 மில்லிமீட்டர். அதைச் சிறுகச் சிறுகப் பத்துப் பன்னிரண்டு வெட்டுகளில் எட்டுவோம். ஒவ்வொரு முறையும் அதே பொறுமை வேண்டும்.

ஒரு நாள் பிற்பகல். ஆறு குழல்கள் முடிந்து ஏழாவதில் ஐந்தாம் வெட்டு நடந்துகொண்டிருந்தது. பெரியவர் வேறு பிரிவுக்குப் போயிருந்தார். அங்குல மரை வெட்டிப் பழகிய கை, நம்மைக் கேளாமலே ஹாஃப் நட்டைத் திறந்துவிட்டது. பதறி மறுபடி கவ்வ வைத்தோம். உளி பள்ளத்தில் இறங்காமல் மேட்டில் ஏறியது. பளபளத்த மரையின் மேல் மெல்லிய கோடு ஒன்று குறுக்கே விழுந்தது.

இயந்திரத்தை நிறுத்தி ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு குழலோடு போயிருக்கும். நாமோ அக்கோட்டை அழிக்க எண்ணி இன்னும் ஆழமாக வெட்டினோம். கோடு மறைந்தது. பார்வைக்கு மற்ற ஆறையும்விட அழகாயிருந்தது. அளந்து பார்க்க இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்று மரையில் முழுவதும் ஏற வேண்டும். மற்றது ஏறக் கூடாது. இந்தக் குழலில் இரண்டும் ஏறின. சுற்றிலும் பார்த்தோம். எவரும் காணவில்லை. ஏழாவதை ஆறோடு சேர்த்துத் தட்டில் வைத்துவிட்டு வீடு திரும்பினோம்.

அன்றிரவு அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவர் மகன் படையில் சேர்ந்து வடக்கே எல்லையில் இருந்தான். அவனிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார் அத்தை. குளிரைப் பற்றி எழுதியிருந்தான். கம்பளி உறை கேட்டிருந்தான். துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தை சோறு போட்டார். நம் கை சோற்றில் இருந்ததே தவிர வாய்க்குப் போகவில்லை.

மறுநாள் மணி அடிக்கும் முன்னரே சென்று, தட்டிலிருந்த அந்தக் குழலை எடுத்துப் பெரியவர் முன் வைத்தோம். அவர் வளையத்தைத் திருகி, விரலால் அசைத்துப் பார்த்தார்.

“ஹாஃப் நட்டைத் திறந்தாயா?”

“ஆமாம் ஐயா.”

“எத்தனை குழல்?”

“ஒன்றுதான் ஐயா.”

“நீ ஒன்று என்கிறாய். இப்போது எப்படி நம்புவது? மற்ற ஆறையும் அளந்து காட்டு.”

திட்டு வாங்கியிருந்தால் அரை மணி நேரத்தில் மறந்திருப்போம். ஆறு குழல்களையும் அவர் கண்முன் அளந்து முடிக்க நண்பகலாயிற்று. ஆறும் சரியாயிருந்தன. கெட்டதற்குச் சிவப்பு வண்ணம் பூசச் சொன்னார். பதிவேட்டில் காரணத்தை நம் கைப்படவே எழுதச் செய்தார். பிறகு இயந்திரத்தருகே அழைத்துச் சென்று, ஒரு துண்டு இரும்பைப் பூட்டி, உளியை வெளியே இழுத்து, பின்னோக்கி ஓட்டிக் காட்டினார். “இப்படித் திரும்பி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, பார்த்துக்கொள். அரை நிமிடம்,” என்றார். அவ்வளவே.

துப்பாக்கிக்கா மரை வெட்டினீர்கள் என்று பிற்காலத்தில் பங்கு இளைஞர் ஒருவர் கேட்டார். வாள்கள் கலப்பைக்கொழுவாகும் நாளை எதிர்நோக்கும் மக்கள் நாம், அக்கேள்வி நியாயமானது. நமக்கு இன்றும் முழுமையான விடை தெரியாது. குழலின் மறுமுனையில் நிற்பவனையும் ஒரு தாய் பெற்றிருக்கிறாள் என்பதை அத்தையின் முகம் அன்றே உணர்த்தியிருந்தது. பின்னர் அவ்வேலையை விட்டு, ஆழ்குழாய்க் கிணற்றுப் பம்புகளுக்கு மரை வெட்டும் சிறு பட்டறை ஒன்றை நடத்தினோம். அங்கும் அதே 30, அதே 127. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வோம்: எதற்காக என்ற கேள்வி பெரியது என்பதால், சரியாகச் செய்தோமா என்ற கேள்வி சிறியதாகிவிடாது.

இன்று கணினி ஓட்டும் இயந்திரங்களில் பல்சக்கரம் மாற்றும் வேலை இல்லை. ஒன்றரை என்று எண்ணை இட்டால் போதும். பட்டறையை மகனிடம் ஒப்படைத்தாயிற்று. பழைய பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. உறவினர் ஒருவரிடம் சொல் தடித்து விலகி நின்ற காலங்களில், நடந்ததை மறைத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று மனம் சொல்லும். அப்போது மேட்டில் ஏறிய உளியின் கீச்சொலி காதில் கேட்கும். உளியைச் சற்றுப் பின்னிழுத்துக்கொண்டு, எந்த இடத்தில் பிசகினோமோ அந்த இடம்வரை, வந்த வழியே திரும்பிப் போகிறோம்.