தட்டாமாலை

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் கூடும் எல்லையில் உள்ளது குப்பம். அங்கே கிரானைட் பட்டறை ஒன்றின் பின்புற வீட்டு முற்றத்தில் ஒரு சிறுமி தட்டாமாலை சுற்றினாள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கல்லறுக்கும் வேலைக்காக வந்த குடும்பம் அவளுடையது. அவள் நின்ற பின்னும் வேப்பமரம் நிற்கவில்லை.

சுழன்றது மரமன்று, அவள் காதினுள் இருந்த நீர். உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அறையின் மூலையில் தரையும் இரு சுவர்களும் கூடுவதுபோல அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்தவை. உடல் நின்றாலும் அவற்றிலுள்ள நீர் உடனே நிற்பதில்லை. அது நுண்மயிர்களை வளைக்க, எதிர்த்திசையில் சுழல்வதாக மூளை எண்ணிக்கொள்கிறது.

அவளுடைய பாட்டிக்கோ சுற்றாமலே தலை சுற்றிற்று. படுக்கையில் புரண்டால் கூரையே சுழலும். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மருத்துவர் கண்ட காரணம் வேறு. குழல்களை அடுத்த சிறு பையில் இருக்கவேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் ஒரு குழலுக்குள் புகுந்திருந்தன. அவர் பாட்டியின் தலையை ஒருபுறம் திருப்பிப் படுக்கவைத்து, சற்றுப் பொறுத்து மறுபுறம் திருப்பினார். துகள்கள் பைக்குத் திரும்பின. மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை!

தந்தையின் காதுக்கு அந்த வழி இல்லை. அரைவட்டக் குழல்களை ஒட்டியே, நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்லியா உள்ளது. ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அதில் ஏறத்தாழ 15,000. அதன் வாயிலருகே உள்ளவை கீச்சொலியையும், உச்சியில் உள்ளவை தடித்த ஒலியையும் உணரும். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நிற்பது காதுக்குக் கேடு. கல்லறுக்கும் எந்திரத்தின் ஒலி அதனினும் மிகுதி. இரைச்சல் முதலில் அழிப்பது கீச்சொலிக்குரிய செல்களையே. ஆகவே அவருக்கு இடியோசை கேட்கும். மகளின் மெல்லிய குரலில் சொற்கள் விளங்கா.

பள்ளியில் பரிசு பெற்றதை அவள் ஒருநாள் அவர் பின்னால் நின்று சொன்னாள். அவர் திரும்பவில்லை. அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று அவள் அன்றிரவு உண்ணாமல் உறங்கினாள்.

முற்றத்தில் மேயும் கோழிக்கு மயிர்ச்செல்கள் அழிந்தால் புதியன தோன்றும். மனிதருக்குத் தோன்றுவதில்லை. இன்னும் எஞ்சியிருப்பவற்றைக் காப்பதற்காக அவர் இப்போது காதுறை அணிந்தே எந்திரத்தருகில் நிற்கிறார். மாலையில் அவர் வீடு திரும்பியதும் சிறுமி பின்னாலிருந்து அழைப்பதில்லை. எதிரே வந்து நின்று, உதடுகள் தெரியும்படி, “அப்பா” என்கிறாள்.