அம்மா ஊழியர் இல்லையாம்

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் பிள்ளைகள் விடுதியில் அம்மா 26 வருடம் சமையல் ஆயா. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால், ராத்திரி அண்டா கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வீடு திரும்புவார்.

சம்பளம் கூட்டிக் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "இதை வேலையா நினைக்காதீங்கம்மா, இது ஊழியம். கர்த்தர் பலன் கொடுப்பார்." அவர் பெயர் கடைசிவரை தினக்கூலிப் பதிவேட்டிலேயே கிடந்தது. பி.எஃப். பிடிக்கவில்லை. 2014 முதல் பி.எஃப். ஓய்வூதியம் குறைந்தது மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரமும் அம்மாவுக்கு இல்லை.

போன வருடம் அங்கே 'ஓய்வுபெற்ற ஊழியர் ஐக்கியம்' தொடங்கினார்கள். மாதம் ஒரு கூடுகை, ஜெபம், மருத்துவச் செலவுக்குச் சிறு நிதி, இறந்தால் அடக்கச் செலவுக்கு உதவி. நல்ல காரியம்தான். கூட வேலை பார்த்தவர்களைப் பார்க்கலாமே என்று அம்மாவுக்கு ஆசை. சந்தா நூறு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

செயலாளர் விதியைக் காட்டினார்: நிரந்தரப் பணியில் இருந்தவர்கள் மட்டும். "நீங்க ஊழியர் லிஸ்ட்ல இல்லையேம்மா. ஆனா அன்பின் விருந்துக்கு வந்துடுங்க, உங்க கை சாம்பார் மாதிரி வராது."

கூலி கேட்டபோது ஊழியம் என்றார்கள். உறுப்பினராகப் போனபோது ஊழியர் இல்லை என்கிறார்கள்.

தோழர்களே, அந்த விதியில் சாதி என்ற சொல்லே கிடையாது. ஆனால் அங்கே நிரந்தரமாக்கப்பட்டவர்கள் அலுவலகத்தார், ஆசிரியர்கள். தினக்கூலியாகவே வைக்கப்பட்ட சமையல், துப்புரவு, காவல் ஆட்கள் அத்தனை பேரும் எங்கள் காலனி. பழைய பதிவேட்டின் சாதியைப் புதிய விதி அப்படியே எடுத்துக்கொண்டது.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாக யார் சமைத்ததையும் உண்ண வேண்டும் என்று தீர்மானித்தது. இன்று எங்கள் சமையலை உண்பதில் அவர்களுக்குச் சங்கடமில்லை. பக்கத்து நாற்காலியில் எங்களை உட்காரவைப்பதில்தான் சங்கடம்.

அம்மாவையும் சேர்த்து 11 பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறோம். 'நிரந்தரப் பணியில் இருந்தவர்கள்' என்பதை 'பணிபுரிந்த அனைவரும்' என்று மாற்றக் கேட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி உழைத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். கூலிச் சீட்டு, பழைய புகைப்படம் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

விருந்துக்கு அம்மா போகவில்லை. "சமைக்கக் கூப்பிட்டாங்க. சாப்பிடக் கூப்பிடட்டும், போறேன்" என்றார்.